புலியைச் செய்தவர் யார்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். அரசியலும் கவிதையும் சற்று ஒதுங்கிக்கொள்ள, “பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?” என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். இந்த முறை கேமரன் மலையிலிருந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். அவருடைய மாணவர்கள் கைப்பேசியில் பார்க்காத மாயாஜாலப் படம் இல்லையாம். அந்தப் படங்களை மனிதர்கள்தான் உருவாக்குகிறார்கள் என்று சொன்னால் மட்டும் நம்புவதில்லையாம். “எல்லாம் கம்ப்யூட்டர் செய்யுது டீச்சர்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களாம். இதைப் புரியவைக்க ஒரு புத்தகம் உண்டா என்கிறார்.

உண்டு, ஆசிரியை. நியூசிலாந்துக்காரரான இயன் புரோடி எழுதிய ‘கேமராஸ் இன் நார்னியா’ என்ற ஆங்கில நூல். சி. எஸ். லூயிஸின் நார்னியா கதையை ஆண்ட்ரூ ஆடம்சன் படமாக்கி 2005-இல் வெளியிட்டார். அந்தப் படம் உருவான விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதே ஆண்டில் வந்த நூல் இது. ஒரு பழைய அலமாரிக்குள் நுழையும் நான்கு பிள்ளைகள், பனி மூடிய வேறோர் உலகத்துக்குப் போய்ச் சேரும் கதை உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

அந்தப் படப்பிடிப்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் எனக்கு மிகப் பிடித்தது இது. அந்த நால்வரில் ஒருத்தியான லூசியாக நடித்த சிறுமி ஜார்ஜி ஹென்லியை, பனிக்காடு அமைத்திருந்த அரங்குக்குள் கண்ணைக் கட்டித்தான் அழைத்துவந்தார்கள். கேமரா தயாரான பிறகே அவளைப் பார்க்கவிட்டார்கள். திரையில் அவள் முகத்தில் விரியும் வியப்பு ஒத்திகை பார்த்து வந்ததில்லை. அவள் வியந்து பார்த்த காடோ, கூரைக்கு அடியில் ஆட்கள் மரங்களை நிறுத்தி, செயற்கைப் பனியைப் பரப்பிவைத்தது. ஆட்டுக்கால்களோடு வரும் தும்னஸாக நடித்த ஜேம்ஸ் மெக்கவோய், புள்ளிகள் குத்திய பச்சை நிறக் காலுடையோடு நடந்தார். அந்தப் புள்ளிகளைக் கணக்காக வைத்துக்கொண்டு கணினிக் கலைஞர்கள் பின்னர் ஆட்டுக்கால்களைப் பொருத்தினார்கள். படத்தின் ஒப்பனைக்காக ஹோவர்ட் பெர்கரும் டாமி லேனும் ஆஸ்கர் விருது பெற்றார்கள்.

வித்தை தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடாதா என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். போகாது என்பது என் எண்ணம். தும்னஸின் கால்களைப் பற்றித் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை படம் பார்க்கும்போது, கால்கள் பனியில் எப்படிப் பதிகின்றன என்று உற்றுப் பார்க்கும். அதன் பிறகு, “இதை யார் செய்தது?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தகைய புத்தகங்கள் வேண்டும்.

அதற்கான விடை சில நேரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கமான உபின், இபின் என்ற கார்ட்டூன் இரட்டையரை வைத்து 2019-இல் வெளிவந்த ‘கெரிஸ் சியாமாங் துங்கால்’ படத்தை ஷா ஆலமின் லெஸ் கோபாக் நிறுவனம் தயாரித்தது. பாவாங் மேரா பாவாங் பூத்தே, சி தாங்காங் போன்ற மலாய் நாட்டார் கதைகளை ஒன்றாகக் கோத்த மாயக் கதை அது. நார்னியாவின் சிங்கமான அஸ்லானை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனமும் பின்னாளில் மலேசியாவில் கிளை திறந்தது. பாண்டிச்சேரிப் பையன் ஒருவன் நடுக்கடலில் புலியோடு ஒரே படகில் தவிக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் புலிக்காக உழைத்த கலைஞர்கள் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருந்தார்கள், மலேசியாவிலும் இருந்தார்கள். அந்தப் படத்தின் சில காட்சிகள் மூணாறு தேயிலை மலைகளில் எடுக்கப்பட்டவை. கடல் காட்சிகளுக்கோ தைவானின் பழைய விமான நிலையம் ஒன்றில் தொட்டி கட்டி அலை எழுப்பினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புலிக்கு 2013-இல் ஆஸ்கர் கிடைத்தது. விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் ரிதம் அண்ட் ஹியூஸ் திவாலாகி, பலர் வேலை இழந்திருந்தார்கள். விருது வாங்க மேடையேறியவர் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது இசையை ஒலிக்கவிட்டு, ஒலிவாங்கியை அணைத்தார்கள். அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகைகளோடு நின்றிருந்தார்கள். “கம்ப்யூட்டர் செய்யுது” என்று நாம் சொல்லும்போது அவர்களைத்தான் மறந்துவிடுகிறோம்.

தமிழ்ப் படங்களைப் பற்றியும் இப்படிப்பட்ட சிறுவர் நூல்கள் வரிசையாக வரவேண்டும் என்பது என் ஆசை. முதல் நூல் எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வுக்கு. 1948-இல் வந்த அந்தப் படத்தின் முரசு நடனத்தில், ராட்சத முரசுகளின் மேல் பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வாளோடு வீரர்கள் குதித்து வருவார்கள். அவ்வளவு பெரிய முரசை எந்த மரத்தில் செய்வது, மேலே ஆடுபவரின் எடையைத் தோல் எப்படித் தாங்குகிறது, உள்ளே இருப்பவர் எப்படி மூச்சுவிடுகிறார் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்கும். கலை இயக்குநர் ஏ. கே. சேகரில் தொடங்கி, பெயர் தெரியாத தச்சர்கள் வரை அந்த நூலில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது ‘மாயாபஜார்’. கடோத்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாக விழுங்கும் காட்சியில் லட்டுகள் தாமாகவே அவர் வாய்க்குள் போகின்றனவே, எப்படி? கணினி இல்லாத 1957-இல், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியும் அவருடைய குழுவும் கேமராவை வைத்தே செய்த ஜாலம் அது.

‘பாகுபலி’ (2015) நூலில் தமிழாசிரியர்களுக்குப் பிடித்த ஓர் அத்தியாயம் இருக்கும். படத்தில் எதிரிக் கூட்டமாக வரும் காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியைச் சொற்களோடும் இலக்கணத்தோடும் உருவாக்கியவர் மதன் கார்க்கி. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளையிடம், அது தெரிந்தவருக்குப் படப்பிடிப்பிலும் வேலை உண்டு என்று சொல்லிவிடலாம்.

கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எளிதில் புரியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் தேயிலைதான். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு வருபவர்கள் பள்ளத்தாக்கின் மேல் நீண்டிருக்கும் மேடையில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள். பச்சை மலையைப் படம் பிடிக்கிறார்கள். அவர்களில் சிலர் தொழிற்சாலைக்குள்ளும் போய், கொழுந்து வாடுவதையும் உருட்டப்படுவதையும் நிறம் மாறிக் காய்வதையும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர் குடிக்கும் தேநீருக்குச் சுவை குறைந்துவிடுவதில்லை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் இதே மலையில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார் என்பது வரலாற்றில் இருக்கிறது. காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களின் பெயர்கள் அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. அவர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். இன்று அதே சரிவுகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து வெட்டுகிறார்கள். ஒரு தேநீருக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஆசிரியைக்குப் பதில் சொல்வதோடு நிறுத்தாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு விடுமுறை வேலை தருகிறோம். முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள், தங்கள் ஊரில் உருவாகும் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று எழுதி அனுப்பலாம். தைப்பூசக் காவடி, பள்ளி நாடகத்தின் அட்டைக் கிரீடம், ஒரு பொட்டலம் தேயிலை, பக்கத்து வீட்டு அத்தை போடும் ஸ்ட்ராபெரி ஜாம் என எதுவானாலும் சரி. செய்பவரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். எந்தக் கட்டம் கடினம், எது சொதப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்க வேண்டும். படம் வரைந்தும் அனுப்பலாம். நல்ல கட்டுரைகளை அடுத்த இதழ்களில் ‘திரைக்குப் பின்னால்’ என்ற புதிய பகுதியில் வெளியிடுவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் எழுத்தைத் திருத்தி அழகாக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் ஒன்று: எழுதி முடித்ததை, வேலை செய்தவரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், அவருடைய பெயரை உங்கள் பெயருக்கு மேலே எழுதி அனுப்புங்கள். அந்த வரிசையிலேயே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்