வேலை கேட்டு வருபவரிடம் நாம் என்ன கேட்கிறோம்?



சங்கக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு "கடைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பதுதான். அட்டை எழுதித் தொங்கவிட்டு மூன்று மாதமாயிற்று, வந்தவன் ஒருவனும் நிலைக்கவில்லை என்பார் ஒருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்று இன்னொருவர் முடித்துவிடுவார். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் வேலை கேட்டு வந்து நிற்பவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வியாபாரம் மும்முரமாக இருந்த நேரத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்தார். கையில் வெள்ளைத்தாளில் எழுதிய விண்ணப்பம், கூடவே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழின் நகல். நான் கல்லாவில் இருந்தபடியே, "எந்த ஊரு? யார் அனுப்பினாங்க?" என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை, வாசலில் அட்டையைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். "உங்களால மூட்டை தூக்க முடியாதேம்மா" என்றேன். "சம்பளம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டார். "முதல்ல வேலையைப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இன்று அவர் அடுத்த தெருவில் வேறொரு கடையில் இருக்கிறார். என் வாடிக்கையில் நாலைந்து வீட்டார் அங்கே போகிறார்கள். "அந்தம்மா கையில சீட்டைக் கொடுத்தா ஒரு சாமான்கூட விட்டுப்போகாது" என்று என் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொன்னார்.

எந்த ஊர், யார் மகன் என்ற கேள்விகளுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து சென்னைக்குப் பையன்களை மாமாவோ சித்தப்பாவோ அழைத்து வந்து விடுவார்கள். அவர் வாய்ச்சொல்லே விண்ணப்பம், அவரே ஜாமீன். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் பேரேட்டில் ஏறும், ஊருக்குப் போகும்போது கணக்குத் தீர்ப்பார்கள். தொழில் படிந்த பையனுக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிட்ட முதலாளிகள் பலர். நானும் பன்னிரண்டு வயதில் அப்படி வந்தவன்தான். (இன்று பதினான்கு வயதுக்குக் கீழே ஒரு பையனை வேலைக்கு வைத்தால் முதலாளி நீதிமன்றம் ஏறவேண்டும், அது நியாயமும்தான்.) இப்போது கடை வைத்துக் கொடுக்கிற வழக்கம் ஏறக்குறைய போய்விட்டது. சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் மட்டும் போகவில்லை.

பெரிய பல்பொருள் அங்காடிக்குப் போகிறவனிடம் ஒரு படிவம் தருகிறார்கள். சம்பளம் இவ்வளவு, வார விடுமுறை இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு வந்து இத்தனை மணிக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள். வேலை ஒன்றும் அங்கே இலேசில்லை. ஆனாலும் வீட்டில் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதுவே நமக்கு எதிராக நிற்குமே என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். நாம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பது 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே உள்ளது. வேலையாட்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் அதில் திருத்தமும் வந்துவிட்டது. பிரச்சினை என்று வரும்போது, வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு நாம் மட்டும் எதை நிரூபிக்க முடியும்?

கேட்கவேண்டியதைக் கேட்கலாம். வயதுச் சான்று அவசியம் பார்க்கவேண்டும். துவரம் பருப்பு கிலோ 160 ரூபாய் என்றால் 350 கிராம் என்ன விலை என்று கேளுங்கள். 56 என்று தடுமாறாமல் சொன்னால் பில் இயந்திரம் மக்கர் செய்கிற நாளிலும் கடை ஓடும். பழைய சரக்கை முன்னே வைப்பாயா புதிய சரக்கையா என்று கேளுங்கள். பத்து சாமான் எழுதிய சீட்டைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஆளைத் தெரிந்துவிடும், சாதியும் ஊரும் கேட்டுத் தெரியாதது இதில் தெரியும்.

அசல் சான்றிதழை வாங்கிக் கல்லாவில் பூட்டுகிற பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. ஆள் ஓடிவிடாமல் இருக்க என்பார்கள். சான்றிதழுக்காக நிற்கிறவன் எந்த மனதோடு நம் வாடிக்கைக்காரரிடம் பேசுவான்? நகல் போதும். வேலை இல்லையென்றால் இல்லை என்று அன்றே சொல்லிவிடலாம், நாளை வா, திங்கள் வா என்று அலைக்கழிக்க வேண்டாம்.

போன மாதம் என் கடை வாசல் அட்டையை மாற்றி எழுதினேன். சம்பளத் தொகை, வேலை நேரம், விடுமுறைக் கிழமை, எல்லாம் பெரிய எழுத்தில். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சம்பளத்தை ஊருக்கே சொல்லுறீங்களே அண்ணாச்சி" என்றார். அந்த வாரத்திலேயே மூன்று பேர் வந்தார்கள். ஒருவரை எடுத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலியும் போட்டாயிற்று.