கற்பு கவசமாகுமா?

எயிட்ஸ் நோய் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் ஒரே விடையைத் தயாராக வைத்திருக்கின்றனர். அது கொழும்பின் நோய். உல்லாசப் பயணிகளின் நோய். 2009 இன் பின் ஏ-9 பாதை திறந்தமையால் வந்து புகுந்த ‘கலாசாரச் சீரழிவின்’ நோய். கந்தபுராணக் கலாசாரத்திலே ஊறிய குடும்பங்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பதே அவ்விடை. மேடையிலே இதனைக் கூறுவோர்க்குக் கைதட்டலும் கிடைக்கின்றது. நம் பெண்களின் கற்பும் ஒழுக்கமும் மதிலாக நிற்கும்வரை அஞ்ச வேண்டியதில்லையாம்.

அம்மதில் எத்துணை வலியது என்பதை அறியப் பாக்கு நீரிணையின் அக்கரையை நோக்கினாற் போதும். 1986 இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பரிசோதிக்கப்பட்ட இரத்தம் பாலியல் தொழிலிலே தள்ளப்பட்ட பெண்களுடையது. ‘அவர்களின் நோய்’ என்று கூறி ஊர் நிம்மதி அடைந்தது. பதினான்கு ஆண்டுகளின் பின், 2000 இல், சென்னையில் தொற்றுக்குள்ளான 134 பெண்களைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் ஒருவனோடு மட்டுமே வாழ்ந்தோர். அதாவது, நம் மேடைகள் எந்தக் கற்பைப் போற்றுகின்றனவோ அதனைப் பிசகாது காத்தவர்கள். திருமணத்தின் வழியே தொற்றைப் பெற்ற நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்னும் பெண், 1998 இல் தம்மைப் போன்றோரைத் திரட்டிச் சங்கம் அமைத்து வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். அவரைப் பேச விடாது தடுக்க எந்தப் பண்பாட்டுக் காவலருக்கு உரிமை உண்டு?

இலங்கையின் நிலை வேறு என்பர் சிலர். வேறுதான். ஈங்குத் தொற்று குறைவு. எனினும் ஓராண்டிற் புதிதாகக் கண்டறியப்பட்டோர் தொகை 2022 இல் 600 ஐத் தாண்டியது. அவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள். அவருள்ளும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் கணிசமானோர். ‘அப்படியானால் நமக்கென்ன?’ என்று பெருமூச்சு விடுவோர், அவ்வாடவரை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று எண்ணுவதில்லை. ஆங்கிலேயன் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை அவர்களைக் குற்றவாளிகளாக்கிற்று. நம் குடும்பங்களோ, ‘ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரிவரும்’ என்று கலியாணம் பேசுகின்றன. சீதனத்தோடு வந்து சேரும் பெண்ணிடம் எவரும் எதுவும் கூறுவதில்லை. ஒளித்து வாழச் செய்தவர்கள் நாம். அதன் விளைவைச் சுமப்பவள் அவள்.

பொருத்தம் பார்ப்பதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. நட்சத்திரம், செவ்வாய் தோஷம், சாதி, காணி எத்தனை பரப்பு, மாப்பிள்ளை கனடாவிலா இலண்டனிலா என எல்லாம் ஆராயப்படும். உறுதியிலே வில்லங்கம் உண்டோவென நொத்தாரிசிடம் துருவித் துருவிக் கேட்கும் தந்தை, ‘பிள்ளைகள் இருவரும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளட்டும்’ என்று மட்டும் கூறமாட்டார். கூறினால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமானமாம்! கட்டாயச் சட்டம் வேண்டும் என்பதன்று என் வாதம். ஒருமுறை பெற்ற அறிக்கை ஆயுட்காலச் சான்றிதழாகாது. தொற்றிய முதற் சில வாரங்களில் அது பரிசோதனையிலே புலப்படாமலும் போகலாம். கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டா என்பதே வினா.

மருதத்திணைப் பாடல்களை நாம் வகுப்பிலே கூச்சமின்றிக் கற்பிக்கிறோம். பரத்தையிடம் சென்று மீளும் தலைவனைத் தலைவி வாயிலிலே தடுத்து நிறுத்துகிறாள். ‘வாயில் மறுத்தல்’ என்று அதற்குத் துறைப்பெயரும் உண்டு. பரீட்சைக்கு வருமென மாணவர் மனனஞ் செய்கின்றனர். அத்தலைவி ஈற்றில் இணங்கியே ஆகவேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மறுக்கும் நாவாவது அவளுக்கு இருந்தது. 1995 இல் நம் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, நீதிமன்றத்தின் ஆணையாற் பிரிந்து வாழ்பவள் நீங்கலாக, மனைவியைக் கணவன் வல்லுறவு கொள்ளுதல் குற்றமாக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ இதன்மேல் தேசவழமை வேறு. தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்பதற்கும் அவளுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும். காணிக்கே தனிக் கையொப்பம் செல்லாதவள், ஆணுறை அணியுமாறு எந்தத் துணிவிலே கேட்பாள்? கேட்டால், ‘என்னைச் சந்தேகிக்கிறாயோ?’ என்பதோடு நில்லாது, ‘இதெல்லாம் நீ எங்கே படித்தாய்?’ என்ற வினாவும் எழும்.

ஆதலால் அவள் பெரும்பாலும் முதன்முதலாகப் பரிசோதிக்கப்படுவது கர்ப்பவதியான பின்னரே. கிளினிக்கிலே கர்ப்பிணிகளின் இரத்தம் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கும் பரிசோதிக்கப்படுகின்றது. இவ்விரண்டும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊரார் இன்றும் மருத்துவிச்சி என்றே அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்புக்கு அவ்வெற்றியிலே பெரும்பங்குண்டு. போற்ற வேண்டியதே. ஆனால் சேயைக் காக்கும் வேளையிலேதான் தாயின் நிலை தெரியவருகிறது என்றால், அவளைக் காக்கும் ஏற்பாடு எங்கே? முதலில் அவளே பரிசோதிக்கப்படுவதால் ‘அவளே கொண்டு வந்தாள்’ என்ற பழியும் அவளுக்கே. முதலில் அறியப்பட்டவரே முதலில் தொற்றியவர் என்பது எவ்வகைத் தருக்கமோ!

இளைஞர்க்கு இவற்றைக் கற்பிக்கலாம் என்றால், ‘பிஞ்சிலே பழுக்க வைப்பதா?’ என்று சீறுகின்றனர். இனப்பெருக்கம் பற்றிய பாடம் நூலிலே இருக்கிறது. பல வகுப்பறைகளில் அது ‘வீட்டிலே வாசியுங்கள்’ என்ற ஒரே வாக்கியத்தோடு முடிகின்றது. பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே பார்க்கின்றனர். அது எதைக் கற்பிக்கும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. தமிழிலே இவற்றைக் கூற நாகரிகமான சொல் இல்லையென்பது இன்னொரு சாட்டு. மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூலை 1850களிலேயே தமிழிலே தந்துவிட்டார். அந்நியர் ஒருவர்க்கு அன்று கிடைத்த சொற்கள் நமக்கு இன்று கிடைக்கவில்லையாம்!

அறியாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016 இல் குளியாப்பிட்டியிலே கண்டோம். தொற்றே இல்லாத ஒரு சிறுவனை, வதந்தியை நம்பிய பெற்றோர் பாடசாலையிலிருந்து விரட்டினர். கண்டியிலே ஒரு கல்லூரி அவனை ஏற்க முன்வந்தது. இது நம்மூரிலே நடந்திருந்தால் எந்தக் கல்லூரி முன்வந்திருக்கும்? பழைய மாணவர் சங்கத்தார் கூறட்டும்.

தொற்றுடையவர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியிலே வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடிக்குமாயின், உடலுறவின் மூலம் அது மற்றவர்க்குத் தொற்றுவதில்லை. இது நிறுவப்பட்ட உண்மை. அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெயரும் வெளியே போகாது. யாழ்ப்பாணத்திலும் அத்தகைய நிலையம் உண்டு. நவராத்திரிச் சொற்பொழிவுக்கு ஒன்பது மாலைகளை ஒதுக்கும் நம் சனசமூக நிலையங்கள், குடும்பநல உத்தியோகத்தர் பேசுவதற்கு ஒரு மாலையை ஒதுக்கட்டும். அதற்கு ஆண்களையும் அழைக்கட்டும். கர்ப்பிணி மனைவியை மோட்டார் சைக்கிளிலே ஏற்றி வந்து, கிளினிக்கின் வெளியே மரநிழலில் நின்று நேரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் கணவன்மார், அந்த நேரத்திலே தம் இரத்தத்தையும் பரிசோதிக்கக் கொடுக்கலாம்.