மூடிக் கணக்கு

விதை, உரம், பூச்சிமருந்து என்று பல மாநிலங்களில் சரக்கு விற்கும் நிறுவனங்களின் ஆட்களோடு பேசும்போது ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஆங்கிலம் தெரியும், மற்றவருக்கு இந்தி கொஞ்சம் புரியும். ஊர் மொழி வேண்டுமென்றால், எழுதி வைத்ததை மொழிபெயர்த்து ஒட்டிவிடலாம். அதற்குமேல் ஒவ்வொரு மொழிக்கும் தனியாக மெனக்கெடுவது வீண் செலவு. காவிரிப் பாசனத்தில் பிறந்து நெல்லோடு வளர்ந்தவன் நான். இதில் ஒரு வரியைக்கூட என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில், வாங்குகிறவருக்குப் புரிந்தால் போதும் என்பது. சென்ற சம்பாவின்போது ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். புகையானுக்கு மருந்து கேட்டு வந்தவர் நிலத்துக்காரர் இல்லை, தெளிக்கப்போகிற ஆள். காசு நிலத்துக்காரருடையது, மூச்சில் ஏறப்போவது இவருக்கு. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, டேங்குக்கு எத்தனை மூடி?" என்றார். கடைக்காரர் மார்க்கர் பேனாவை எடுத்து, கம்பெனியின் பெயருக்கு மேலேயே "டேங்குக்கு 2 மூடி" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். "காத்துக்கு எதிரா நின்னு அடிக்காத தம்பி" என்று வாயாலும் சொன்னார்.

அவர் போனபிறகு அதே மருந்தின் மடித்த தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பூச்சிமருந்தின் லேபிளும் தாளும் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தப் பகுதியில் புழங்கும் ஒன்றிரண்டு மொழிகளிலும் இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. அந்தத் தாளில் தமிழ் இருந்தது. சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் பல மொழிகளை ஒரே தாளில் நெருக்கியதால் எழுத்து அரிசிக் குருணை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய்த்தான் படித்தேன். ஹெக்டேருக்கு இத்தனை மில்லி என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. "எத்தனை மா சாகுபடி?" என்றுதான் கேட்பார்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ஏழரை மா. அதை மாவுக்கு வகுத்து, டேங்குக்கு வகுத்து, பிறகு மூடிக்கு வகுக்க வேண்டும். வரப்பில் நிற்கிறவர் செய்யக்கூடிய கணக்கா அது? கம்பெனி செய்யாமல் விட்ட அந்தக் கணக்கைக் கடைக்காரர் தன் பேனாவால் செய்கிறார். அவர் ஒரு மூடி கூட்டி எழுதினால் கேட்பாரில்லை.

மொழிபெயர்த்தால் போதும் என்பதற்கும் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. பூச்சியின் பெயரைப் பழுப்புத் தத்துப்பூச்சி என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலப் பெயருக்கு நேர் தமிழ், பிழையில்லை. ஆனால் இங்கே அது புகையான். வயலின் நடுவே வட்ட வட்டமாகத் தூர்கள் கருகி, புகை பட்டதுபோல் நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதுமே விவசாயி தூரடியைக் குனிந்து பார்ப்பார். தண்டுத் துளைப்பானும் அப்படித்தான். குருத்துப்பூச்சி என்றால்தான் கை நேராகக் குருத்துக்குப் போகும். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்திருக்கிறார், ஒரே ஒருநாள் வயலுக்கு வந்திருந்தால் போதும்.

பெயர் மாறினால் சரக்கின் கதியே மாறும் என்பதற்கு நெல்லே சாட்சி. மலேசியாவில் மசூரி என்று வெளியான ரகம் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. பொன்னி என்றால் காவிரி. வெளியூர் நெல் என்ற நினைப்பே இல்லாமல் வீடுதோறும் உலையில் ஏறிவிட்டது. ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் தந்த பி.பி.டி. 5204-க்கு அங்கே சம்பா மசூரி என்று பெயர். நம் மண்டிகளில் அதுவே ஆந்திரா பொன்னி.

அடுத்தது, தமிழில் சொல்வது உணர்ச்சிக்கு, வியாபாரத்துக்கு உதவாது என்ற பேச்சு. இதைச் சொல்கிறவர்கள் ஏ.டி.டி. 27-இன் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில், ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அந்தக் குறுவை ரகம் வந்தது. வயது சுமார் 105 நாள். எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பெயரை யார் நினைவில் வைப்பார்கள்? திருச்சி வானொலி அதைப் பேச்சுத் தமிழில், எப்போது நாற்று விடுவது, எத்தனையாம் நாள் பறிப்பது, மேலுரம் எப்போது என்று வயலில் நடக்கும் வரிசையிலேயே சொன்னது. ஜனங்கள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதையைக் காட்டிலும் அதைச் சொன்ன குரலை நம்பி வாங்கினார்கள் என்பதை அந்தப் பெயரே காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த காலம் அது. இன்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு விவசாயியைச் சென்றடைந்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள். அதே செய்தியை ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்?

இந்தி புரிந்துவிடும் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 88 பேர். அடுத்து வருவது தெலுங்கு, ஏறக்குறைய ஆறு. இந்தி ஒன்றுக்கும் கீழே.

ஆனால் இந்த எண்ணைக் காட்டி, அப்படியானால் தமிழ் மட்டும் போதும் என்று முடிப்பவர்களும் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் என் ஆட்கள். இருந்தாலும் அதுவும் தவறு. ஒரு ஊரின் மொழி வேறு, அன்று அந்த இடத்தில் நிற்கிறவரின் மொழி வேறு. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இதை அனுபவத்தில் கண்டவர். கரையோர வியாபாரத்துக்கு அன்று போர்த்துகீசியம் பொதுமொழி. அதையும் கற்றார். ஊருக்குள் அது செல்லாது என்று தெரிந்ததும், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். தமிழைக் கற்றபின்னும் போர்த்துகீசியத்தைக் கைவிடவில்லை. இரண்டையும் பேசுகிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று திருப்பலி நடக்கிறது. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் வருகிறவரின் முகத்தையும் உடுப்பையும் பார்த்து மலையாளத்திலோ தெலுங்கிலோ கூப்பிடுகிறார்கள். எந்த வகுப்பிலும் படித்ததில்லை. "வாங்கக்கா" என்பதையும் விலையையும் எண்ணையும் முதலில் கற்றார்கள், மற்றது தானாக வந்தது. எல்லா மொழியும் வேண்டாம், எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் சொல்லவும் வேண்டாம். செலவுக் கணக்குப் போடும் நிறுவனங்கள் அந்தப் பெண்களிடம் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

வயலிலும் இப்போது அதே நிலைதான். சில ஆண்டுகளாக நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டே போகிறார்கள். அவர்கள் பேசுவது வங்காள மொழி. நட்ட வயலில் களைக்கொல்லி போட அவர்களிலேயே சிலரை நிறுத்திக்கொள்ளும் நிலத்துக்காரர்களும் உண்டு. ஒரத்தநாட்டுக் கடைக்கு அப்படி ஒரு பையன் வந்தபோது, கடைக்காரர் பாட்டிலில் தமிழில் எழுதப்போய் நிறுத்தினார். இரண்டு மொழியும் தெரிந்த மேஸ்திரிக்குப் போன் போட்டு, அளவைச் சொல்லி, போனை அந்தப் பையன் கையில் கொடுத்தார். பையன் கேட்டுக்கொண்டே தலையாட்டினான். பிறகு மூடியைக் கழற்றி, கோடு எங்கே என்று விரலால் தடவிக் காட்டிக் கேட்டான். கடைக்காரர் அதே இடத்தில் நகத்தால் கீறிக் கொடுத்தார்.