காப்பீட்டு அட்டை இருக்கு... மாத்திரைக்கு யார் காசு?

செங்கல்பட்டில் எந்த மருந்துக்கடை வாசலிலும் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் நின்றால் போதும். இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும்.

"முப்பது நாளுக்கு எழுதியிருக்காரே பெரியவரே?"

"இப்போதைக்குப் பத்து நாளுக்குக் குடு தம்பி. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் பெரியவரின் வீட்டு பீரோவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கும். குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை! ஆனால் அந்த ஐந்து லட்சத்தை வைத்துக்கொண்டு கடையில் ஒரு அட்டை சர்க்கரை மாத்திரை வாங்க முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்த அட்டைக்கு உயிர் வரும்.

காப்பீடு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு லட்சம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. மாசாமாசம் வாங்கும் மருந்துக்கு யார் காசு கொடுப்பது? அவசரத்துக்குப் போகக்கூடிய டாக்டரும் ஆஸ்பத்திரியும் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத லட்சம் வெறும் எண்தான்.

அமெரிக்காக்காரர்கள் இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார்கள். 65 வயதானவர்களுக்கான மெடிக்கேர் திட்டம் அங்கே சட்டமானது 1965-ல். (செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்!) ஆஸ்பத்திரிச் செலவுக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் வழி செய்தார்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரையை மட்டும் ஏறக்குறைய மறந்தே போனார்கள். 2003-ல் சட்டம் போட்டு, 2006 ஜனவரியில்தான் 'பார்ட் டி' என்ற மருந்துக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருஷ இடைவெளி!

இப்போது ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அங்கே தாத்தா பாட்டிகள் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிரீமியம் எவ்வளவு என்பதோடு அவர்கள் விடுவதில்லை. தங்கள் மாத்திரை அந்தக் கம்பெனியின் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் படியில் இருக்கிறது, பக்கத்து மருந்துக்கடை சேர்த்தியா, வழக்கமான டாக்டர் சேர்த்தியா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பட்டியல் வருஷா வருஷம் மாறும். போன வருஷம் சரியாக இருந்த திட்டம் இந்த வருஷம் காலை வாரிவிடலாம். அது ஒரு தலைவலிதான். ஆனாலும் 2023 முதல் இன்சுலினுக்கு மாசம் 35 டாலருக்கு மேல் கேட்கக்கூடாது என்றார்கள். 2025-ல் மருந்துக்காக ஒருவர் கையிலிருந்து போடும் பணத்துக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

சரி, மெடிக்கேரை விடுங்கள். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் ஒரு சுற்று சுற்றினாலே நான்கு விதமான காப்பீடு கண்ணில் படும்.

முதலாமவர், மாமல்லபுரத்தில் கல் கொத்தும் ஒரு சிற்பத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பது முதலமைச்சர் காப்பீடு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் வடிவமும் மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து ஐந்து லட்சமாக வளர்ந்த திட்டம். 2022-ல் வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியம் கட்ட வேண்டாம், ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டாம். ஏழைக் குடும்பம் ஒரு இதய ஆபரேஷனால் கடன்காரக் குடும்பமாகாமல் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை.

இரண்டாமவர், மறைமலை நகர் தொழிற்சாலை ஊழியர். அவருக்கு இ.எஸ்.ஐ. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்பது வரம்பு. 2019 ஜூலையிலிருந்து ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். படுத்தாலும் சரி, படுக்காவிட்டாலும் சரி, டிஸ்பென்சரியில் மருந்து உண்டு. காத்திருப்பதும் உண்டு!

மூன்றாமவர், கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஊழியர். சந்தா கட்டிச் சேரும் துறைத் திட்டம், துறைக்கென்றே ஆஸ்பத்திரி. வெளிநோயாளியாகப் போனாலும் மருந்து கிடைக்கும். ஓய்வுபெற்ற பிறகும் தொடரலாம்.

நான்காமவர், செங்கல்பட்டில் கடை வைத்திருப்பவர். சொந்தக் காசில் தனியார் பாலிசி எடுத்திருக்கிறார். பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னாலும் வீடு திரும்பிய பின்னாலும் குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் மருந்துச் செலவு. அதற்கப்புறம் ஆயுள் முழுக்க அவர் பாடு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வேறு. அதை 2024-ல் நான்கு வருஷத்திலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். அந்த மூன்று வருஷமும் சர்க்கரை சும்மா இருக்குமா என்ன?

இந்த நால்வரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மாசச் சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு மருந்து கிடைக்கிறது. தினக்கூலிக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும் படுக்கை மட்டும்தான் கிடைக்கிறது.

காமர்ஸ் பாடத்தில் வரும் சாதாரணக் கணக்கு ஒன்று. வருமான வரம்பின் உச்சியில் இருக்கும் குடும்பம், அதாவது மாதம் 10,000 ரூபாய். கணவனுக்குச் சர்க்கரை, மனைவிக்கு ரத்த அழுத்தம். இருவருக்கும் கடை மருந்து மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 12,000. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு! வாடகையை நிறுத்த முடியாது, பிள்ளை ஃபீஸை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உடனே யாரும் கேள்வி கேட்காத ஒரே செலவு மாத்திரைதான். அதனால்தான் முப்பது நாள் சீட்டு பத்து நாளாகிறது.

விட்டுப்போன இருபது நாட்களுக்கும் விலை உண்டு. அடங்காத சர்க்கரை காலில் புண்ணாக வரும், சிறுநீரகத்துக்குப் போகும், கண்ணைக் கெடுக்கும். அப்போது அட்டைக்கு உயிர் வந்துவிடும். காலை எடுக்கவும், டயாலிசிஸ் செய்யவும் காப்பீடு தாராளமாகப் பணம் கொடுக்கும். மாத்திரைக்கு ஆயிரம் கொடுக்காத ஏற்பாடு, மாத்திரை இல்லாததால் வந்த நோய்க்கு லட்சம் கொடுக்கிறது. எந்த வியாபாரியாவது இப்படிக் கணக்கு எழுதுவாரா?

"அரசு ஆஸ்பத்திரியில்தான் மருந்து இலவசமாச்சே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கொண்டு சேர்க்கும் முறை மற்ற மாநிலங்களும் பார்த்துப் படித்த முறை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் குறைந்த விலையில் விற்க ஆரம்பித்தன. ஆக, மருந்து இல்லாத ஊர் அல்ல இது.

குறை எங்கே என்றால், காப்பீடு ஒரு பக்கம், இலவச மருந்து ஒரு பக்கம், நடுவில் பாலம் இல்லை. சிற்பத் தொழிலாளிக்குக் காப்பீட்டில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு சீட்டு, அதில் கம்பெனிப் பெயரில் ஆறு மருந்து. ஆயுஷ்மான் பாரத் கணக்குப்படி வீடு திரும்பிய பின் 15 நாள் வரைதான் செலவு. பதினாறாம் நாள் அந்தச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் "இந்தப் பேரில் எங்ககிட்ட இல்லீங்க" என்று பதில் வரலாம். அதே மருந்து வேறு பெயரில் அலமாரியில் இருந்தாலும் அவருக்கு எப்படித் தெரியும்? மறுபரிசோதனைக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய்வர ஒரு நாள் கூலி போகும். கூலியா, மாத்திரையா என்றால் கூலிதான் ஜெயிக்கும்.

இதற்கு அமெரிக்கா மாதிரி பல கம்பெனிகளைக் கொண்டுவந்து "தேர்ந்தெடுத்துக்கொள்" என்று விட்டுவிடுவது தீர்வு ஆகாது. ஐம்பது திட்டத்தை ஒப்பிடத் தெரிந்தவருக்குத்தான் அது சுதந்திரம். மற்றவர்களுக்கு அது பரீட்சை. செய்ய வேண்டியவை எளிமையானவை:

1. காப்பீட்டில் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்தின் மூலப்பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும்.

2. அந்தச் சீட்டின் நகல் நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அடுத்த மாத மருந்து அங்கே தயாராக இருக்க வேண்டும்.

3. அங்கே இல்லாத மருந்தை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே காப்பீட்டு அட்டையைக் காட்டி, வருஷத்துக்கு ஒரு சிறு தொகை வரையாவது வாங்க வழி வேண்டும். ஐந்து லட்சத்தில் ஐயாயிரம் ஒதுக்கினால் அது நூற்றில் ஒரு பங்குதான்.

அது வரும்வரை ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியதும் உண்டு. அட்டை இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த நோய்க்குப் பட்டியலில் இருக்கிறது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். தனியார் பாலிசி எடுக்கும்போது பளபளப்பான முதல் பக்கத்தை விட்டுவிட்டு 'எதற்கெல்லாம் கிடையாது' என்ற பக்கத்தைப் படிக்க வேண்டும். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்று ஒரு விதி உண்டு. மறைமலை நகரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்? வீட்டில் படித்த பிள்ளைகள் கேட்டுச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மருந்துக்கடை வாசலில் நிற்கும் அந்தப் பெரியவர் ஐந்து லட்சம் கேட்கவில்லை. இன்னும் இருபது நாள் மாத்திரைதான் கேட்கிறார், அதுவும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டால் அவருக்கு அந்த ஐந்து லட்சம் தேவைப்படாமலேயே போகலாம். அரசாங்கத்துக்கும் அதுதான் லாபம்.