அங்குசத்துக்குப் பேரம்!

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் அன்பர்களே, இந்த வாரம் உங்களோடுதான் சண்டை.

டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். சந்தோஷம். கடைசியாக குரோம் பீடிங் மாட்டுகிற நாள் வரும்போதுதான் உங்களுக்குச் சிக்கனம் ஞாபகம் வருகிறது. ‘கிளிப்பெல்லாம் எதுக்குப்பா? நாலு ஸ்க்ரூ போட்டு முடிச்சு விடு.’ யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம்!

அந்த நாலு ஸ்க்ரூ என்ன செய்யும் தெரியுமா? துளை போட்ட இடத்தில் பெயின்ட் போய், இரும்பு அம்மணமாக நிற்கும். பீடிங்குக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும். பீடிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாடி சாதா இரும்பு. நடுவில் ஈரம், சென்னை மாதிரி ஊராக இருந்தால் கடற்காற்றின் உப்பு வேறு. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதில் கரைந்து போவது பீடிங் இல்லை சார், உங்கள் கார்! பீடிங் ஜம்மென்று மின்னிக்கொண்டே இருக்கும். அதன் ஓரத்தில் பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் விஷயமே தெரியும்.

‘புதுக் கார்லயே டேப் போட்டுத்தானே ஒட்டறாங்க?’ என்று ஒரு வாதம் வரும். அது முதுகு தட்டையான பிளாஸ்டிக் பட்டை. உங்களுடையது உள்ளே குழிவான தகடு, அதன் ஓரம் மட்டும்தான் பாடியைத் தொடும். டேப் எதைப் பிடித்துக்கொள்ளும்? சிலிக்கான் பூசுகிறவர்களும் உண்டு. வினிகர் வாடை அடிக்கிற ரகம் காயும்போது அமிலத்தைக் கக்கும். வெறும் இரும்புக்கு அது விஷம்.

ஒழுங்கான வேலை ஒன்றும் பரம ரகசியமில்லை. பெயின்டுக்கு முன்பே கிளிப்போடு பீடிங்கை மாட்டிப் பார்த்து, துளைகளைச் சரிசெய்து, கழற்றிவிட வேண்டும். பெயின்ட் நன்றாகக் காய வேண்டும். துளையின் விளிம்பில் பிரைமரும் பெயின்டும் தொட்டுவைத்து, கிளிப் நுழையும் இடத்தில் தண்ணீர் புகாதபடி அடைக்க வேண்டும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஒரு முனையிலிருந்து பதமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். நெளிந்த பீடிங்கைக்கூடப் பின்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி, தேய்த்து, பஃபிங் போட்டு நேராக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரம். நேரம் என்றால் கூலி. அதைத்தான் நீங்கள் தர மறுக்கிறீர்கள்.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கிளிப்பும் கூலியும் ஒருமுறைச் செலவு. துரு, வட்டி மாதிரி. நீங்கள் தூங்கும்போதும் ஏறும். பத்மினி நின்று இருபது வருஷத்துக்கு மேலாச்சு. அம்பாசடரும் 2014-ல் நின்றுவிட்டது. இனிமேல் கம்பெனி உங்களுக்குப் புது பாடி செய்து தரப்போவதில்லை.

பேரம் பேசாமல் இருக்கவே முடியாதா? சீட் கவர்ல பேசுங்க, ஹாரன்ல பேசுங்க. கிளிப் மாட்டறவர்கிட்ட மட்டும் வேண்டாம்.