மானியம் குறைஞ்சா வண்டி நிக்குமா?

2023 ஜூன் 1-ல் ஃபேம்-2 மானியத்தைக் கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய மின் இருசக்கர வண்டி விற்பனை, அடுத்த மாதமே பாதிக்கும் கீழே போச்சு. (மே-லயே முந்திக்கிட்டு வாங்கினவங்களும் உண்டு.) உடனே "எல்லாம் அரசு காசுதான்"னு சொல்றவங்க டெல்லி இ-ரிக்‌ஷாவை மறந்துடறாங்க. 2014-ல் உயர் நீதிமன்றமே அதைத் தடை செய்தது. ஆனாலும் வண்டி அழியல. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, அரசுதான் அதன் பின்னால் ஓடி வந்தது. ஓட்டுறவருக்குத் தினமும் கையில் மிஞ்சுற காசு கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான். லெட் ஆசிட் பேட்டரியில, அதுவும்!

வாடகை வீட்டில் இருக்கறவங்களுக்கு விலை பாதிப் பிரச்சினைதான். ராத்திரி சார்ஜ் போட பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் வேணும், அதுக்கு ஹவுஸ் ஓனர் சம்மதிக்கணும். இதைச் சந்தை தானா செஞ்சு தராது. மானியத்தைக் குறைக்கட்டும், மிச்சமாகும் காசை அங்கே போடட்டும்.