நீலப் பேரல் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வேலூர் மக்களுக்கு, தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் இங்கே வேலை செய்யும் ஆசிரியர்களும் செவிலியர்களும் சேர்ந்து எழுதும் வேண்டுகோள்.



போன கோடையில் எங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒரு நீலப் பேரல் வந்தது. குழாயில் தண்ணீர் தினமும் வராத தெரு அது. வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. பழைய சாமான் வண்டிக்காரரிடம் பேரம் பேசி வாங்கினார்கள். மேலே ஒட்டியிருந்த தாளை ஊறவைத்து உரித்தார்கள். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று தடவை அலசினார்கள். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நல்ல வெயிலில், மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்து ஒரு வாடை எழுந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இருபது வருடம் டேனரியில் தோலுக்கு எண்ணெய் ஏற்றும் டிரம்மில் நின்றவர். அது என்ன வாடை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று காலையில் பேத்திக்குப் பால் கலக்கியது அந்தத் தண்ணீரில்தான்.

நம் ஊரில் இந்தப் பேரல் இல்லாத தெரு இல்லை. அமிலம், சாயம், தோல் எண்ணெய், கரைப்பான் என்று ஏதேதோ அதில் வந்திருக்கும். தாளை உரித்த பிறகு உள்ளே என்ன இருந்தது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கழுவினால் போய்விடும் என்று நம்புகிறோம். இரும்புப் பாத்திரம்போல் இல்லை பிளாஸ்டிக். எண்ணெய்ப் பசையையும் கரைப்பானையும் அது தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். உள்பக்கத்துக் கீறலில் தங்கிய சாயத்தை எந்த நாரும் எடுக்காது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, ஆபத்தான ரசாயனம் ஒட்டியிருக்கும் காலிப் பேரலும் கழிவுதான். அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே அது போக வேண்டும். தெருவில் விலை பேசி விற்கும் சாமான் அல்ல அது. டேனரி முதலாளிமாரை நாங்கள் நேராகவே கேட்டுக்கொள்கிறோம்: பேரலைத் தெருவுக்கு விடாதீர்கள். அனுப்பும்போது அடியில் துளை போட்டு, தண்ணீர் நிற்காதபடி செய்து அனுமதி பெற்றவரிடம் அனுப்புங்கள். பேரலுக்கு ஒரு துளை போட ஒரு நிமிடம் ஆகுமா?

வீட்டில் இருப்பவர்களுக்கு: குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் பிடித்து வையுங்கள். எவர்சில்வர் குடமோ மண்பானையோ எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரசாயனப் பேரலைக் குளிக்க, பாத்திரம் கழுவ, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட என்று மாற்றி வைப்பதும் வேண்டாம். வீட்டை விட்டு வெளியே போகட்டும். புதிதாக வாங்கினால், உணவுப் பொருளுக்கென்றே செய்த டிரம்மை மூடியோடு வாங்குங்கள். மூடி முக்கியம். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டை வைப்பதில்லை, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வைக்கிறது. முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒரு நாள் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நகராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை: குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் யாரும் பேரல் தேட மாட்டார்கள்.

நாம் ஏன் இவ்வளவு பிடித்து வைக்கிறோம்? பாலாற்று மணலைத் தோண்டினால் கையளவில் ஊற்று வந்த காலம் எங்கள் பாட்டிமார்களுக்கு நினைவிருந்தது. அப்போது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது, அதன் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் சேர்ந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவுக்கோ கெட்டுவிட்டது என்றும் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியை நாட்டுக்கே உறுதிசெய்த தீர்ப்பு. இன்றும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் கணக்குப் போட்டது: 547 தொழிற்சாலைகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஏறத்தாழ 9,200 ரூபாய். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. 1996இல் தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. வழக்கு நடக்கட்டும், நடத்தியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தீர்ப்பு வந்து சேரும்வரை நம் பிள்ளைகளின் உடம்பு காத்திருக்காது.

இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு குவிந்தது. அந்தப் பக்கம் நிலத்தடி நீர் மஞ்சளாக வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. டேனரியில் தோலுக்குப் போடும் குரோம் வேறு வகை, அதன் வீரியம் குறைவு. அதற்காக அதைக் கையால் அள்ளலாம் என்று ஆகிவிடாது. விரல் இடுக்கில் அரிப்பு, வெடிப்பு, ஆறாத சின்னச் சின்னப் புண் என்று நம் வீடுகளில் எத்தனை கைகள்! "டேனரிக் கை அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. கையுறை, பூட்ஸ், ஏப்ரன் மூன்றையும் கொடுப்பது கம்பெனியின் கடமை. கிழிந்த கையுறையில் உள்ளே போன ரசாயனம் வெளியே வராமல் தோலோடு ஊறிக்கிடக்கும். அது வெறுங்கையைவிட மோசம். கிழிந்தால் மாற்றிக் கேளுங்கள்.

வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வராதீர்கள். இதை நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம். அப்பா வந்ததும் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அந்த லுங்கியில் தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் வேலையின் அன்றைய தூசி முழுக்க இருக்கும். தூக்காமல் தள்ளி நிறுத்த மனசு வராது, தெரியும். வேலை இடத்திலேயே கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்றுத் துணியும் இருக்கட்டும். வேலைத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். வீட்டில் ஷூ அப்பர் தைக்கும் அக்காமார்களே, பசை டப்பா திறந்திருக்கும் அறையில் குழந்தையைத் தூங்கவைக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஷூ கம்பெனிப் பேருந்துக்கு இருட்டோடு எழுந்து ஓடும் தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று. பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்கள். நீர்க்கடுப்பு அதனால்தான் வருகிறது, அது முற்றினால் சிறுநீரகம் வரை போகும். காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, ரத்தசோகையோடு லைனில் மயங்கி விழும் பெண்களை எங்கள் செவிலியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள். தடுத்தால் ஒருத்தியாகக் கேட்காமல் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அந்தக் காசுக்கு உங்களுக்கும் உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சிகிச்சை உண்டு. குரோமியத்தால் வரும் நோய் சட்டப்படி தொழில்நோய். அதற்கு ஈட்டுத்தொகை கேட்க உரிமை இருக்கிறது. மருத்துவரிடம் போனால் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த ரசாயனத்தைத் தொடுகிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் சீட்டில் எழுதுவார், எழுதினால்தான் நாளைக்கு நிற்கும்.

அடுத்து, டேனரிக் கழிவுத் தொட்டி. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேறு எப்படிப்பட்டது என்று அன்று ஊரே பார்த்தது. ஆனால் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் ஒருவர் இருவராகச் சாகிறார்கள், ஊர் மறந்துவிடுகிறது. தோலிலிருந்து முடி நீக்கப் போடும் சல்ஃபைடு அமிலத்தோடு கலந்தாலும், சேறு தேங்கி அழுகினாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்திருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும் நேரம். இறங்கியவர் விழுந்ததும் தூக்கப் போகிற தம்பியும் சித்தப்பாவும் அவர்மேலேயே விழுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு: பத்தாவதோடு நின்றுபோன பையன்களின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 18 வயது ஆகாதவர்களைத் தோல் பதனிடும் வேலையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பள்ளிவாசல், கோயில், சர்ச் பெரியவர்களுக்கு: உங்கள் ஒலிபெருக்கியில் வாரம் ஒரு முறை இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள். ரசாயனப் பேரலில் தண்ணீர் பிடிக்காதீர்கள். தொட்டிக்குள் இறங்காதீர்கள்.

தம்பி, ராத்திரி ஒரு மணி நேர வேலை, கையில் காசு என்று யார் கூப்பிட்டாலும் இறங்காதே. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் நீயும் இறங்காதே. தள்ளி நின்று சத்தம் போடு; தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அடி. மூச்சுக் கருவியோடு அவர்கள் வரட்டும்.